கரிசல் காட்டில் ரோடு: மண்ணைப் பலப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், அருப்புக்கோட்டை சுற்றுவட்டாரத்துக் கிராமச் சாலை வேலைகளில் மண் சோதனை, மேற்பார்வை என்று பல வருஷம் ஓடிவிட்டது. ஊர்க்காரர்கள், பஞ்சாயத்துத் தலைவர்கள், புதிதாக வேலைக்கு வந்த இன்ஜினியர் பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் கேள்வி சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். ஒவ்வொரு முறையும் வெயிலில் நின்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் கரிசல் மண்ணை மனதில் வைத்துச் சொல்வது. செம்மண் காட்டுக்கு இதில் பாதி பொருந்தாது.

செம்மண்ணில் போட்ட ரோடு நிற்கிறது, கரிசலில் போட்டது மட்டும் ஏன் ரெண்டு மழையில் அலை அலையாகப் போகிறது?

கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது. அப்பளக் கட்டை அடுக்கி வைத்த மாதிரி மெல்லிய தகடுகள். மழை பெய்தால் தண்ணீர் அந்த அடுக்குகளுக்கு உள்ளேயே புகுந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கும். சித்திரை, வைகாசியில் புஞ்சை வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகுமே, அதே மண்தான் ரோட்டுக்குக் கீழேயும் கிடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாருக்கு நட்டநடுவில் கீழே இருக்கும் மண் மழையையும் வெயிலையும் நேராகப் பார்ப்பதில்லை. அங்கே ஈரம் பெரிதாக மாறாது. ஓரத்து மண்தான் ஐப்பசியில் ஊறி, பங்குனியில் காய்ந்து, வருஷா வருஷம் ஏறி இறங்கும். அதனால்தான் கரிசல் ரோட்டில் முதல் விரிசல் ஓரத்திலிருந்து ஓர் அடி, இரண்டடி உள்ளே, ரோட்டின் நீளவாக்கில் கோடு இழுத்த மாதிரி வரும். அந்தக் கோட்டில் தண்ணீர் இறங்கும். அப்புறம் மக்காச்சோள லோடு ஏற்றிய ஒரு டிராக்டர் போதும்.

எங்கள் ஊர் மண் எவ்வளவு மோசம் என்று லேபுக்குப் போகாமல் தெரியுமா?

ஓரளவு தெரியும். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண்ணில் 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுங்கள். பள்ளிக்கூட லேபில் இருக்கும் 100 மி.லி. அளவு ஜாடி இரண்டு வேண்டும். ஒன்றில் மண்ணெண்ணெய், மற்றதில் தண்ணீர் ஊற்றி மண்ணைப் போட்டு, காற்றுக் குமிழி போகக் கலக்கிவிட்டு, ஒரு நாள் அப்படியே விடுங்கள். மண்ணெண்ணெயில் கரிசல் உப்பாது, தண்ணீரில் உப்பும். மறுநாள் மண்ணெண்ணெய் ஜாடியில் மண் 10 மி.லி. கோட்டிலும், தண்ணீர் ஜாடியில் 18 மி.லி. கோட்டிலும் நின்றால் உப்பல் 80 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டிய மண்ணை ரோட்டுக் கரைக்கு அப்படியே போடக் கூடாது என்பது நெடுஞ்சாலை விவரக்குறிப்பில் உள்ள விதி.

பலம் எவ்வளவு என்பதற்கு மட்டும் லேபுக்குப் போய்த்தான் ஆகவேண்டும். சி.பி.ஆர். சோதனை என்பார்கள். அச்சில் மண்ணை இடித்து இறுக்கி, 4 நாள் தண்ணீரில் ஊறப் போட்டு, 50 மி.மீ. விட்டமுள்ள உருளையை நிமிஷத்துக்கு 1.25 மி.மீ. வேகத்தில் உள்ளே அழுத்துவார்கள். 2.5 மி.மீ. இறங்க நல்ல ஜல்லிக்கு 1370 கிலோ பாரம் தேவைப்படும். உங்கள் மண்ணுக்கு அதில் எத்தனை சதவீதம் தேவைப்பட்டது என்பதுதான் சி.பி.ஆர். ஊறவைக்கும்போதே அச்சின் மேல், மண் எவ்வளவு உப்புகிறது என்று காட்டும் ஒரு முள் கருவி (டயல் கேஜ்) வைப்போம். கரிசல் மண் என்றால் முதல் ராத்திரியிலேயே முள் நகர்ந்திருக்கும். புதுப் பிள்ளைகளை அந்த முள்ளைப் பார்க்க வைத்துவிட்டால் பிறகு பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) என்ற அமைப்பு கிராமச் சாலைகளுக்கு வெளியிட்ட எஸ்.பி. 72 வழிகாட்டியில் சி.பி.ஆர். 2 என்றால் மிக மோசம், 3–4 மோசம், 5–6 பரவாயில்லை, 7–9 நல்லது, 10–15 மிக நல்லது. நம் கரிசல் பெரும்பாலும் முதல் இரண்டு வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

பேசாமல் கிராவல் அடித்துவிட்டால் போதாதா? காலங்காலமாக அப்படித்தானே போடுகிறோம்?

கிராவல் நல்ல பொருள். பக்கத்தில் நல்ல குவாரி இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். தூரத்தில் இருந்தால்தான் கணக்கு இடிக்கும். ஒரு கிலோமீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 30 செ.மீ. கனம் என்றால் 1500 கன மீட்டர். ஒரு யூனிட் 2.83 கன மீட்டர், ஆகவே 530 யூனிட். இது இறுகிய பிறகு வரும் அளவு. உதிரியாக ஏற்றும்போது இன்னும் கூடும். 3 யூனிட் டிப்பரில் 200 நடைக்கு மேல் போகும். அத்தனை டிப்பரும் எந்த வழியாக வரும்? ஏற்கெனவே போட்ட பக்கத்து ஊர் ரோடு வழியாகத்தான். ஓர் ஊருக்கு ரோடு போட்டு இன்னோர் ஊர் ரோட்டை உடைத்த கதை இந்தப் பக்கம் நிறைய உண்டு.

இருக்கிற மண்ணையே பலப்படுத்தினால் மேலே போடும் கிராவல், ஜல்லியின் கனம் குறையும். ஒதுக்குப்புறமான ஊருக்கு அங்கேதான் லாபம்.

இன்னொன்று. கண்மாயில் தூர் வாரிய கரம்பை சும்மா கிடைக்கிறதே என்று ரோட்டில் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கரம்பை வயலுக்குத் தங்கம், ரோட்டுக்கு விஷம்.

சுண்ணாம்பு போட்டால் கரிசல் எப்படி மாறுகிறது?

இரண்டு கட்டமாக மாறும். முதல் கட்டம் சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். சுண்ணாம்பில் உள்ள கால்சியம், களிமண் தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றை வெளியே தள்ளிவிட்டுத் தான் போய் உட்காரும். உடனே தகடுகள் ஒன்றோடொன்று திரண்டு குருணையாகும். முந்தின நாள் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு விடாத மண், மறுநாள் புட்டு மாவு மாதிரி உதிரும். கையில் எடுத்துப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

இரண்டாவது கட்டம் மெதுவானது. சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை 12.4 பி.எச். வரை ஏற்றும். அந்தக் காரத்தில் களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, கால்சியத்தோடு சேர்ந்து சிமெண்ட் போன்ற பசையாக இறுகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பலம் கூடிக்கொண்டே போகும். சூடு அதிகமானால் இது வேகமாக நடக்கும். நம் ஊர் வெயில் உதவிக்கு வரும் அபூர்வமான வேலைகளில் இது ஒன்று. 2, 3 என்று இருந்த சி.பி.ஆர். 10-ஐத் தாண்டுவது சாதாரணம்.

எவ்வளவு சுண்ணாம்பு?

பொதுவாகக் காய்ந்த மண்ணின் எடையில் 3 முதல் 8 சதவீதத்துக்குள் முடிந்துவிடும். உங்கள் மண்ணுக்கு எது என்பதை ஈட்ஸ், கிரிம் இருவரும் 1966-ல் சொன்ன எளிய முறையில் கண்டுபிடிக்கலாம். சிறு பாட்டில்களில் மண்ணும் தண்ணீரும் போட்டு, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவு சுண்ணாம்பு சேர்த்துக் குலுக்கி, ஒரு மணி நேரம் கழித்து பி.எச். பார்ப்பது. எந்தக் குறைந்த அளவில் 12.4-ஐத் தொடுகிறதோ அங்கிருந்து தொடங்கி, சி.பி.ஆர். சோதனை செய்து முடிவு பண்ண வேண்டும்.

சைட் கணக்கு இப்படி வரும். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. கனத்துக்கு, கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால், 240 கிலோ மண். 4 சதவீதம் என்றால் 9.6 கிலோ சுண்ணாம்பு. 5 மீட்டர் அகல ரோட்டில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 48 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை ஏறக்குறைய இரண்டு. கிலோமீட்டருக்கு 48 டன். 200 டிப்பர் நடை எங்கே, ஐந்தாறு லாரி எங்கே! (கிராவல் முழுவதும் மிச்சம் என்று அர்த்தமில்லை. மேலே ஒரு அடுக்கு எப்படியும் வேண்டும்.)

சுண்ணாம்பின் தூய்மை (அதில் உள்ள கால்சியம் ஆக்சைடின் அளவு) 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் பூமிக்கடியிலேயே கிடக்கிறது என்பதற்காகக் கல் தூளை வாங்கிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சுடாத கல் தூள் இந்த வேலையைச் செய்யாது. காளவாசலில் சுட்டதாக இருக்க வேண்டும்.

வேலை எப்படி நடக்கும்? கிராமத்தில் பெரிய மிஷின் எங்கே இருக்கிறது?

பெரிய மிஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் டிராக்டரும் ரொட்டவேட்டரும் போதும், எந்த ஊரிலும் இருக்கும். முதலில் கலப்பையால் கிளறி, ரொட்டவேட்டரால் கட்டி உடைக்க வேண்டும். இங்கேதான் பாதி வேலை கெடுகிறது. உடைத்த மண் 26.5 மி.மீ. சல்லடையில் முழுவதும், 5.6 மி.மீ. சல்லடையில் 80 சதவீதமும் இறங்க வேண்டும் என்பது விதி. தேங்காய் அளவுக் கட்டி இருந்தால் சுண்ணாம்பு அதன் மேல் வெள்ளையடித்துவிட்டு நின்றுவிடும், உள்ளே கரிசல் கரிசலாகவே இருக்கும்.

அதனால் மாதம் முக்கியம். தை கடைசி, மாசி, பங்குனி என் கணக்கில் சரியான காலம். புஞ்சையில் அறுப்பு முடிந்திருக்கும், மண்ணில் உடையும் பதத்துக்கு ஈரம் இருக்கும். வைகாசிக்குத் தள்ளினால் கட்டி கல்லாகிவிடும். ஆனி, ஆடியில் காற்று. நீங்கள் கொட்டும் சுண்ணாம்பு உங்கள் ரோட்டில் இருக்காது, அடுத்தவர் காட்டில் இருக்கும். புரட்டாசிக்கு மேல் மழை.

மூட்டைகளை அளந்து வரிசையாக வைத்து, பிரித்து, பலகையால் பரப்ப வேண்டும். தண்ணீர் லாரியால் தெளித்து ரொட்டவேட்டர் மறுபடி ஓட வேண்டும். கனத்த களிமண்ணாக இருந்தால் லேசாக உருட்டிவிட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் திரும்பவும் கலக்குங்கள். அன்றைக்குத்தான் கட்டி சொன்ன பேச்சைக் கேட்கும். பிறகு சரியான ஈரத்தில் 8–10 டன் ரோலர். எந்த ஈரத்தில் மண் அதிகம் இறுகும் என்பதை லேபில் பிராக்டர் சோதனை சொல்லும். சுண்ணாம்பு சேர்த்த மண்ணுக்கு அந்த ஈரம் சற்றுக் கூடும் என்பதால் வெறும் மண்ணுக்கு எடுத்த ரிப்போர்ட்டை வைத்து ஓட்டக் கூடாது. ரோலர் போன பிறகு மணல் நிரப்பும் சோதனையில் அடர்த்தி பார்க்க வேண்டும். அதற்கப்புறம் 7 நாள் ஈரம் காயாமல் காப்பாற்ற வேண்டும். வண்டி விடக் கூடாது. இந்தக் கடைசி வரிதான் ஊரில் நடக்காது. முள்ளை வெட்டிப் போட்டாலும் பைக் ஓரமாகப் போய்விடும். மாற்றுப்பாதையைச் செதுக்கிக் கொடுத்துவிட்டு அடைப்பதே வழி.

நான் பார்த்த ஒரு வேலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தும் சோதனையில் பலம் ஏறவே இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டோம். விசாரித்தால், மூட்டைகள் மழைக்காலம் முழுக்க ஓட்டைத் தகரக் கொட்டகையில் கிடந்திருக்கின்றன. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித் திரும்பக் கல் தூளாகிவிட்டது. வெள்ளையாகத்தான் இருந்தது, மூட்டையும் கனமாகத்தான் இருந்தது. வேலைக்கு உதவவில்லை.

சுண்ணாம்பு ஆபத்தா?

நீர்த்த சுண்ணாம்பு (சுட்ட கல்லில் தண்ணீர் விட்டுத் தூளாக்கியது) பரவாயில்லை என்று சொல்வார்கள். அதுவும் கண்ணைக் கெடுக்கும். சுட்ட கல் சுண்ணாம்பு ஈரம் பட்டால் கொதிக்கும், வியர்த்த உடம்பிலும் அப்படித்தான். பரப்ப வரும் அக்காக்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு நிற்பதை ஒவ்வொரு சைட்டிலும் பார்க்கிறேன். கண்ணாடி, கையுறை, முழங்கால் பூட்ஸ், முகக்கவசம் நான்கும் இல்லாமல் மூட்டை பிரிக்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிமெண்ட் கலந்தால் இன்னும் பலமாக இருக்குமே?

மணல், சரளை கலந்த மண்ணுக்குச் சிமெண்ட் அருமை. கனத்த கரிசலில் அதைக் கலப்பதே கஷ்டம். அதோடு கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் உருட்டி முடிக்க வேண்டும். தண்ணீர் லாரி வரத் தாமதமாகும் ஊரில் அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது என்றே தெரியாது. முதலில் சுண்ணாம்பால் மண்ணை உதிரவைத்து, பிறகு கொஞ்சம் சிமெண்ட் சேர்ப்பது ஒரு நல்ல வழி.

பழைய ரோட்டையே மேலிருந்து கீழ்வரை அரைத்து, சிமெண்ட் கலந்து, அங்கேயே அடித்தளமாக்கும் முறை உத்தரப் பிரதேசத்தில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் பெரிய அளவில் நடக்கிறது. அதற்குத் தனி மிஷின் வேண்டும்.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்துச் சாம்பல்?

பயன்படும், ஆனால் தனியாக இல்லை. நிலக்கரிச் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது, கால்சியம் குறைவு. சுண்ணாம்போ சிமெண்டோ துணைக்குச் சேர்ந்தால்தான் இறுகும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் கால்சியம் கூடுதல் என்பதால் அது வேறு ரகம். உங்கள் கரிசலில் மணல் பங்கு அதிகமாக இருந்தால் சுண்ணாம்பும் சாம்பலும் சேர்ந்த கலவையை யோசிக்கலாம். சுத்தமான களியாக இருந்தால் சிலிக்கா மண்ணிலேயே இருக்கிறது, சாம்பல் வண்டி வாடகை வீண்.

தேரி மணலைக் கலந்தால்?

சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர்கள் கேட்பது. தேரி என்பது அந்தப் பக்கத்துச் செம்மணல் மேடு. அந்த மணலுக்குப் பிடிப்பு இல்லை, கரிசலுக்குப் பிடிப்பு அதிகம். இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். ரசாயனமே வேண்டாத வழி இது. ஆனால் மணலை அனுமதியில்லாமல் அள்ள முடியாது, புதூர் வரை கொண்டுவரக் கட்டுப்படியாகவும் ஆகாது.

பாட்டிலில் ஒரு திரவம் விற்கிறார்கள். தண்ணீரில் கலந்து தெளித்தால் மண் பாறையாகிவிடும் என்கிறார்கள்.

என்சைம் திரவங்கள். சில மண்ணில் கொஞ்சம் பலன் தெரிகிறது, சில மண்ணில் தண்ணீர் தெளித்து உருட்டினதுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஐ.ஆர்.சி. அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா, அதன் தேதி காலாவதி ஆகிவிட்டதா என்று பாருங்கள். அதற்கு மேல், உங்கள் மண்ணை அவர்களிடம் கொடுத்து, 4 நாள் தண்ணீரில் ஊறிய பிறகு எடுத்த சி.பி.ஆர். கேளுங்கள். ஊறவைக்காமல் எடுத்த எண்ணைக் காட்டினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். காய்ந்த கரிசல் எந்தத் திரவமும் இல்லாமலே பாறைதான்.

தென்னை நார் விரிப்பு பற்றிக் கேள்விப்பட்டோம்.

நம்பலாம். 2020-ல் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 7 மாநிலங்களில் 1674 கி.மீ. நீளத்துக்குத் தென்னை நார் விரிப்பைப் பயன்படுத்தப் போவதாக மத்திய அரசு அறிவித்தது. தமிழ்நாட்டின் பங்கு 369 கி.மீ. களிமண்ணுக்கும் மேலே போடும் கிராவலுக்கும் நடுவில் விரிப்பார்கள். கிராவல் சேற்றில் புதைவதையும், சேறு மேலே ஏறுவதையும் தடுக்கும். நாரில் லிக்னின் அதிகம் என்பதால் உடனே மக்காது. சில வருஷத்தில் மக்கிவிடுமே என்றால், அதற்குள் கீழே உள்ள மண் வண்டிப் பாரத்தில் இறுகித் தன் காலில் நிற்கத் தொடங்கிவிடும். கரிசல் உப்புவதை மட்டும் இது தடுக்காது.

பிளாஸ்டிக் ரோடு போட்டால்?

அது மேலே போடும் தாருக்கு. மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறையில் சூடான ஜல்லிக்குப் பிளாஸ்டிக் பூச்சு கொடுப்பார்கள். நல்ல முறை. ஆனால் கீழே மண் சரியில்லாவிட்டால் மேலே பட்டு விரித்தாலும் அலை வரும்.

சுண்ணாம்பு எங்கே கூடாது?

சல்பேட் அதிகமுள்ள மண்ணில். ஜிப்சம் பளிச்சிடும் நிலம், உப்பளப் பக்கத்து மண் இவற்றைச் சோதிக்காமல் தொடாதீர்கள். சல்பேட், சுண்ணாம்பு, களிமண்ணின் அலுமினா மூன்றும் தண்ணீரோடு சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளரும். உப்பலை அடக்கப் போட்ட சுண்ணாம்பே ரோட்டைத் தூக்கிவிடும். மக்கு நிறைந்த மண்ணிலும், பிடிப்பே இல்லாத மணலிலும் சுண்ணாம்புக்கு வேலை இல்லை.

இவ்வளவும் செய்தால் ரோடு நிற்குமா?

தண்ணீர் வடிந்தால் நிற்கும். ரோட்டு மட்டம் புஞ்சையை விட உயர்ந்திருக்க வேண்டும். தாருக்கு வெளியே இருக்கும் மண் ஓரமும் சரிந்து வடிய வேண்டும். ஓரத்தில் வண்டல் சேர்ந்து தாரை விட உயர்ந்துவிட்டால், ரோடே வாய்க்கால் ஆகிவிடும். உழுகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு சால் ரோட்டுப் பக்கம் தள்ளி உழுவதும், வீட்டுக்கு வழிவிட ஓரக் கால்வாயை மூடுவதும் சுண்ணாம்பு சரிசெய்யும் சமாச்சாரம் இல்லை. ஓரத்தையும் சேர்த்து ஒரு மீட்டர் அகலமாகப் பலப்படுத்தினால் நான் முதலில் சொன்ன நீளவாக்கு விரிசல் தாரை விட்டு வெளியே தள்ளிப் போகும். காசு குறைவாக இருந்தால் கனத்தைக் கூட்டுவதை விட அகலத்தைக் கூட்டச் சொல்வேன்.

நான் பஞ்சாயத்துத் தலைவர். படித்த ஆள் இல்லை. வேலை நடக்கும்போது எதைப் பார்க்க?

ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் பினாப்தலீன் கரைசல் கேளுங்கள், இன்ஜினியரிடம் இருக்கும். கலந்து முடித்த இடத்தில் மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு நேராக வெட்டி, அந்தச் சுவரில் தெளியுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த இடம் பீட்ரூட் சாறு பட்ட மாதிரி சிவக்கும். மேலே மட்டும் சிவந்து கீழே கருப்பாக நின்றால் ரொட்டவேட்டர் ஆழம் போகவில்லை. திட்டுத் திட்டாக இருந்தால் கட்டி உடையவில்லை. கரிசலுக்கே லேசான காரத்தன்மை உண்டு என்பதால், சுண்ணாம்பு போடாத பக்கத்து மண்ணில் முதலில் தெளித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நிறம் சுண்ணாம்பு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு சாயங்காலம் காலிச் சாக்குகளை எண்ணுங்கள். முன்னே சொன்ன கணக்குப்படி (5 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம், 4 சதவீதம், 25 கிலோ மூட்டை) 100 மீட்டருக்கு 190 சாக்காவது இருக்க வேண்டும்.